வெள்ளைப் பிக்சலுக்குள் நின்ற தண்ணீர்: 2016 களனி வெள்ளமும் ஒரு ரேடார் படமும்

2016 ஜூன் முதல் கிழமை. கொழும்பை அடுத்த கொலன்னாவையின் வெல்லம்பிட்டியில் ஓர் ஒழுங்கை. எதிரே முச்சக்கர வண்டி வந்தால் சுவரோடு ஒதுங்கி வழிவிட வேண்டிய அகலம். வெள்ளம் வடிந்த பிறகும் சேற்று வாடை போகவில்லை. நனைந்த மெத்தைகளும் ஊதிப்போன பலகை அலுமாரிகளும் வாசலுக்கு வாசல் குவிந்து கிடந்தன. ஒரு வீட்டுச் சுவரில் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிலத்திலிருந்து 4 அடி 7 அங்குலத்தில் ஒரு கோடு, அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல நேராக, அறையின் நான்கு சுவரிலும் ஓடியது. வீட்டுக்காரர் சுவிட்ச் போர்டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே களிமண் காய்ந்து இறுகியிருந்தது. மேல் கோட்டுக்குக் கீழே இன்னும் இரண்டு கோடுகள் இருந்தன, சற்று மங்கலாக.

என் கையிலிருந்த வெள்ளப் படத்தில் அந்த ஒழுங்கை முழுக்க வெள்ளை. நீலம் இருந்தால் தண்ணீர், வெள்ளை என்றால் தண்ணீர் இல்லை. அந்தப் படத்தைச் செய்தவர்கள் நாங்கள்தான்.

“தம்பி, இதில எங்கட வீட்டுப் பக்கம் தண்ணியே இல்லையே. அப்ப இந்தக் கோடு என்ன?” என்று கேட்டார் அந்த வீட்டுக்கார நானா. கோபமாகக் கேட்கவில்லை, விளங்கிக்கொள்ளத்தான் கேட்டார். அன்றைக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்லப் பார்க்கிறேன்.

மழை வந்த வழி

என் மாமா நோர்வூட்டில் இருக்கிறார். மே நடுப்பகுதியில் கோல் எடுத்து, “இங்க விடாம ஊத்துதுடா, ஆறு செம்மண்ணா ஓடுது, நீங்க பாத்து இருங்க” என்றார். அந்த ஆறு கெஹெல்கமு ஓயா. அது மஸ்கெலிய ஓயாவோடு சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. 145 கிலோமீற்றர் ஓடி, முகத்துவாரத்தில் கடலில் விழுகிறது. மலையில் பெய்ததுதான் இரண்டொரு நாளில் கொழும்பின் வாசலுக்கு வரும். மலையகத்துச் சொந்தக்காரர்கள் உள்ள கொழும்புக் குடும்பங்களுக்கு இது தெரிந்த விஷயம்.

அந்த மழையைக் கொண்டுவந்த தாழமுக்கம் இலங்கையைத் தாண்டிய பிறகு ‘ரோனு’ புயலானது. மே 17 அன்று கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் மலை சரிந்தது. நாடு முழுக்க 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தும் காணாமலும் போனார்கள். கீழே களனி ஹங்வெல்ல, கடுவெல, பியகம, கொலன்னாவை என்று வரிசையாகக் கரைமீறியது. 1989 வெள்ளத்துக்குப் பிறகு இப்படியொன்றைக் கண்டதில்லை என்றார்கள் கொலன்னாவையின் வயதானவர்கள். தாழ்ந்த நிலம், அடைத்துக் கட்டிய வீடுகள், ஆற்றின் மட்டம் இறங்கும்வரை வெளியேற வழியில்லாத தண்ணீர். பல நாட்கள் நின்றது. கடற்படைப் படகுகள் வீதிகளில் ஓடின.

களனியின் மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் பல இடங்களில் அளக்கிறது: நோர்வூட், கித்துல்கல, தெரணியகல, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல, கடைசியாக நாகலகம் வீதி. நாகலகம் வீதி அளவுகோலில் 4 அடி வந்தால் எச்சரிக்கை, 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். 2016-இல் 7 அடியைத் தாண்டியது. ஆனால் அளவுகோல் ஒரு புள்ளியில் நிற்கிற கம்பு. தண்ணீர் எந்த ஒழுங்கை வரை போனது, எந்த வளவில் நின்றது என்று அது சொல்லாது. அதற்குத்தான் வரைபடம் வேண்டும்.

ஏன் ரேடார்

நாங்கள் நான்கு பேர், நிலஅளவையும், கணினியில் வரைபடம் செய்யும் ஜி.ஐ.எஸ்.ஸும் படித்தவர்கள், கொட்டாஞ்சேனையில் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். நிவாரணம் கொண்டுபோகிற ஒரு தொண்டர் குழு, எந்தப் பக்கம் முதலில் போக வேண்டும் என்று கேட்டது. நாங்கள் முதலில் தேடியது சாதாரண வர்ணச் செய்மதிப் படங்களை. எல்லாம் மேகம். வெள்ளம் வருகிற நாளில் மேகம் இருக்கத்தான் செய்யும்.

ரேடார் செய்மதிக்கு மேகம் ஒரு பொருட்டில்லை, இரவும் பொருட்டில்லை. அது தானே நுண்ணலையை அனுப்பி, நிலத்தில் பட்டுத் திரும்புவதை வாங்குகிறது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் செண்டினல்-1ஏ 2014 ஏப்ரல் 3 அன்று ஏவப்பட்டது. 693 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிறது, ஒரே தடவையில் 250 கிலோமீற்றர் அகலத்தைப் பிடிக்கிறது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 5.6 சென்ரிமீற்றர். படங்கள் இலவசம், கணக்குத் திறந்தால் யாரும் இறக்கிக்கொள்ளலாம். வாடகை வீட்டில் ஒரு மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

தண்ணீர் எப்படித் தெரிகிறது? இரவில் மழை விட்ட பிறகு ரோட்டில் தேங்கிய தண்ணீரின் மேல் சாய்வாக டோர்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் அந்தப் பக்கம் வழுக்கிக்கொண்டு போய்விடும். உங்கள் கண்ணுக்குத் தண்ணீர் கறுப்பாகவும், பக்கத்திலுள்ள புல் வெளிச்சமாகவும் தெரியும். ரேடாரும் இப்படித்தான். அது நேர்கீழே பார்ப்பதில்லை, பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கிறது. அமைதியான நீர்ப்பரப்பில் விழுந்த அலை எதிர்த்திசையில் போய்விடுகிறது, செய்மதிக்கு ஒன்றும் திரும்புவதில்லை. ஆகவே கறுப்பு. மரம், வீடு, செடி உள்ள நிலம் அலையை நாலாபக்கமும் சிதறடிக்கிறது, கொஞ்சம் திரும்பி வருகிறது. அங்கிருந்து வருவதோடு ஒப்பிட்டால் நீர்ப்பரப்பிலிருந்து வருவது பத்து மடங்குக்கும் மேல் குறைவாக இருக்கும். வேறுபாடு அவ்வளவு தெளிவு.

செய்தது இதுதான்

மழைக்கு முந்தைய ஒரு படம், வெள்ளம் வந்த பிறகு கிடைத்த ஒரு படம். இரண்டும் ஒரே பாதையில், ஒரே திசையிலிருந்து எடுத்தவையாக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒன்று கிழக்கிலிருந்தும் மற்றது மேற்கிலிருந்தும் பார்த்ததாக இருந்தால், கட்டடங்களின் நிழல் இடம் மாறி, அதெல்லாம் வெள்ளம்போலத் தோன்றும்.

ஸ்னாப் என்ற இலவச மென்பொருளில் வேலை நடந்தது. சுற்றுப்பாதைத் திருத்தம், இரைச்சல் நீக்கம், அளவீட்டுத் திருத்தம் எல்லாம் பொத்தானை அழுத்தினால் நடக்கிறவை. புள்ளிப் புள்ளியாகத் தெரியும் ஸ்பெக்கிள் மட்டும் கவனம் கேட்கும். வடிகட்டியைக் கூட்டினால் படம் அழகாகும், ஆனால் சின்ன வாய்க்கால்கள் கரைந்துபோகும். கொழும்புக்கு, வடிகட்டி ஒரு தடவையில் சேர்த்துப் பார்க்கும் சாளரம் சிறியதாக இருந்தாலே போதும் என்பேன். அப்புறம், 2000-இல் விண்ணோடத்திலிருந்து அளந்த எஸ்.ஆர்.ரி.எம். உயரத் தரவை வைத்து, படத்தை நிலத்தின் மேல் சரியாகப் பொருத்தினோம்.

பிறகு வாசல் மதிப்பு. எந்த அளவுக்குக் கீழே போனால் தண்ணீர்? ஜப்பானியரான ஒட்சு 1979-இல் சொன்ன முறை இன்னும் பிரபலம்: பிக்சல் மதிப்புகளை வரைபாக்கினால் நீருக்கு ஒரு மேடும் நிலத்துக்கு ஒரு மேடும் வரும், நடுப்பள்ளத்தில் வெட்ட வேண்டும். ஆனால் படத்தில் தண்ணீர் மிகக் கொஞ்சமாக இருந்தால் அதற்கான மேடே எழாது, கணினி எங்கேயோ வெட்டிவிடும். கடலைச் சேர்த்துக்கொண்டாலும் பிழைக்கும். அலையடிக்கிற கடலும் குட்டைபோலக் கிடக்கிற வெள்ளமும் ஒரே மாதிரித் தெரிவதில்லை. நாங்கள் கடலை வெட்டிவிட்டு, ஹங்வெல்லவிலிருந்து கொலன்னாவை வரை ஆற்றோரத்தை மட்டும் எடுத்துக் கணக்கிட்டோம்.

முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் ஒப்பிட்டபோது பல பிழைகள் தாமாகவே நீங்கின. இரத்மலானை ஓடுபாதை, அகலமான தார் வீதி, தியவன்னா ஓயா எல்லாம் இரண்டு படத்திலும் கறுப்பு. மாற்றம் இல்லை, ஆகவே வெள்ளம் இல்லை. தானாக நீங்காதவையும் உண்டு. மே மாதத்தில் சிறுபோகத்துக்கு நீர்கட்டிய வயல், வெள்ளம்போலவே கறுப்பாகும். காற்று அடித்தால் உண்மையான வெள்ளமும் சொரசொரப்பாகி வெளுத்துத் தெரியும், அதுவோ தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் காலம். வாய்க்கால்களில் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தால் ரேடாருக்கு அது இலைதான், தண்ணீர் இல்லை. கொழும்பின் சதுப்பு நிலங்களில் இந்தத் தொல்லை அதிகம். கொலன்னாவை, கோட்டை, ஹீன் எல சதுப்புகள்தான் நகரத்தின் மழைநீரைத் தாங்கிப் பிடிக்கின்றன. 2018-இல் கொழும்பு, ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமானதும் இவற்றால்தான். அந்தச் சதுப்புகளுக்குள் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்பதை 5.6 சென்ரிமீற்றர் அலையால் இலைகளைத் துளைத்துப் பார்க்க முடியாது.

இவ்வளவு குறை இருந்தும், கடுவெல, பியகமப் பக்கத்துத் திறந்த நிலங்களில் படம் மிக நன்றாக வந்தது. கைவிட்ட வயல்களும் ஆற்றங்கரைப் புல்வெளிகளும் நீலமாகப் பரந்து கிடந்தன. அந்தப் பக்கம் நேரில் போய்ப் பார்த்தவர்கள் சொன்னதும் பொருந்தியது. அந்தப் பொருத்தம்தான் எங்களை ஏமாற்றியது. ஒரு பக்கம் சரியாக வந்ததும், மறுபக்கமும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டோம். அச்சடித்துக் கொடுத்தோம்.

பதினேழு பேர்ச்சஸ் காணிக்கு ஒரே நிறம்

கொழும்பில் காணியைப் பேர்ச்சஸில்தான் பேசுவோம், ஆகவே அப்படியே சொல்கிறேன். செண்டினல் படத்தின் ஒரு பிக்சல் 10 மீற்றருக்கு 10 மீற்றர். அது ஏறக்குறைய 4 பேர்ச்சஸ். வெல்லம்பிட்டியில் 4 பேர்ச்சஸில் இரண்டு வீடு நிற்கும். ஆனால் பிக்சல் அளவும், உண்மையில் பிரித்துக் காணும் திறனும் ஒன்றல்ல. அந்தத் திறன் ஏறத்தாழ 20 மீற்றருக்கு 22 மீற்றர், அதாவது 17 பேர்ச்சஸ். அதற்குள் தகரக் கூரை, சீமெந்துச் சுவர், ஒரு பலாமரம், இரண்டு ஒழுங்கை, ஒரு கிணறு எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாக வருகிறது. அதில் நாலடித் தண்ணீர் தனக்கென்று எவ்வளவு சொல்லிவிட முடியும்?

இன்னொரு சிக்கல் கோணம். செண்டினலின் பார்வை, நேர்கீழிலிருந்து 29 முதல் 46 பாகை வரை சாய்ந்திருக்கும். 40 பாகை என்று வைத்துக்கொள்வோம். 6 மீற்றர் உயர இரண்டு மாடி வீட்டுக்குப் பின்னால் ரேடார் நிழல் ஏறத்தாழ 5 மீற்றர் விழும். முன்பக்கமோ, சுவரின் எதிரொலியே தரையின் மேல் 7 மீற்றருக்கு மடிந்து விழும். நானாவின் ஒழுங்கை எட்டடி, இரண்டரை மீற்றர்கூட இல்லை. செய்மதி போகும் திசையை ஒட்டி ஓடுகிற அப்படியோர் ஒழுங்கையின் தரையிலிருந்து ஒரு சுத்தமான எதிரொலி வர வழியே இல்லை. தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரேடாருக்கு அது தெரியாத இடம்.

கொஞ்சம் அகலமான வீதிகளில் நடப்பது இன்னும் விசித்திரம். தரையில் நிற்கிற தண்ணீர் கண்ணாடியாகிவிடுகிறது. அதில் வழுக்கிய அலை எதிரே உள்ள சுவரில் மோதி, வந்த வழியே திரும்பிவிடுகிறது. அதாவது வெள்ளம் நிற்கும் வீதி கறுப்பாவதற்குப் பதில் முன்பைவிடப் பிரகாசமாகிறது. கறுப்பானதை மட்டும் வெள்ளம் என்று எடுக்கிற எங்கள் கணக்கு, இப்படிப் பிரகாசமானதை “நிச்சயமாக வெள்ளம் இல்லை” என்று ஒதுக்கிவிட்டது. வெள்ளம் மிக மோசமாக இருந்த இடமே வெள்ளையாக வந்தது.

நானாவின் கேள்விக்கு முதல் பதில் இது. படம் சொன்னது “இங்கே திறந்த நீர்ப்பரப்பு எனக்குத் தெரியவில்லை” என்பதை. நாங்கள் அதை “இங்கே தண்ணீர் இல்லை” என்று எழுதிக் கொடுத்துவிட்டோம்.

மூன்று கோடுகள்

இரண்டாவது பதில் அந்தச் சுவரிலேயே இருந்தது. மேல் கோட்டைக் காட்டி, “இது ஜும்ஆ அண்டைக்கு நிண்டது” என்றார் நானா. நடுக்கோடு அதற்கு இரண்டு நாள் கழித்து. கீழ்க்கோடு, முழங்கால் உயரத்தில், அவர்கள் மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்து பாத்திரங்களைத் தேட ஆரம்பித்தபோது. தண்ணீர் ஒரே மட்டத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால்தான் அப்படிக் கோடு விழும். அந்தச் சுவர் தானே ஒரு நாட்குறிப்பு எழுதியிருந்தது.

செய்மதி அந்த நாட்குறிப்பைப் பார்த்து வருவதில்லை. செண்டினல்-1ஏ ஒரே பாதைக்கு 12 நாளுக்கு ஒருமுறைதான் திரும்பும். அதன் இரட்டையான 1பி, 2016 ஏப்ரல் 25 அன்றுதான் ஏவப்பட்டது. மழை தொடங்கியபோது மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை, இன்னும் சோதனையில் இருந்தது. ஆகவே கையில் ஒரே கண்தான். எங்கள் படம் எடுக்கப்பட்ட நேரத்தில் வெல்லம்பிட்டியில் தண்ணீர் உச்சத்திலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தது. எங்கள் படத்தின் தலைப்போ “2016 மே வெள்ளத்தில் மூழ்கிய பகுதிகள்” என்றிருந்தது. அது பிழை. ஒரு காலைப்பொழுதின் படத்துக்கு அந்தக் காலையின் திகதியும் மணியும்தான் தலைப்பாக இருக்க வேண்டும். கூடவே அந்த நேரத்தில் நாகலகம் வீதி அளவுகோல் காட்டிய அடியையும் எழுதினால், பார்க்கிறவருக்குத் தண்ணீர் ஏறும்போது எடுத்ததா இறங்கும்போது எடுத்ததா என்று விளங்கும். இது எந்தச் செலவும் இல்லாத திருத்தம்.

அந்த நாட்களில் படம் செய்தது நாங்கள் மட்டுமல்ல. அனர்த்த நாட்களில் விண்வெளி நிறுவனங்கள் தங்கள் படங்களைத் தருகிற ஏற்பாடான, விண்வெளி மற்றும் பெரும் அனர்த்தங்களுக்கான சர்வதேச சாசனம் இலங்கைக்காக இயக்கப்பட்டது. பத்தரமுல்லயில் தலைமையகம் உள்ள சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனமும் ரேடார் படங்களிலிருந்து வெள்ள வரைபடம் செய்து கொடுத்தது. ஜப்பானின் அலோஸ்-2 செய்மதியும் உண்டு. அதன் அலைநீளம் 20 சென்ரிமீற்றருக்கு மேல். இலைகளை ஓரளவு துளைத்து, அடியில் நிற்கும் தண்ணீரும் மரத்தண்டும் சேர்ந்து தருகிற எதிரொலியைப் பிடிக்கும். 3 மீற்றர் வரை நுணுக்கமாகவும் எடுக்கும். அந்தத் தரவு எங்கள் கைக்கு எட்டவில்லை. இன்றைக்கு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அமெரிக்க-இந்தியக் கூட்டுச் செய்மதியான நைசாரிலும் அந்த நீளலை இருக்கிறது. அந்தத் தரவை எல்லாரும் இலவசமாக எடுக்கலாம் என்ற ஏற்பாட்டில்தான் அது போயிருக்கிறது.

வெள்ளை செய்த வேலை

எங்கள் படத்தை வைத்துக்கொண்டு போன குழு, நீலம் உள்ள இடங்களுக்கு முதலில் போனது. நியாயம்தானே. நீலம் அதிகமாக இருந்தது ஆட்கள் குறைவாக உள்ள வயல்வெளிப் பக்கம். வெள்ளையாக இருந்த மூன்று ஒழுங்கைகளுக்கு உலர் உணவுப் பொதிகள் இரண்டு நாள் பிந்திப் போயின. “மெப்ல உங்கட பக்கம் தண்ணி இல்லண்டு போட்டிருக்கு” என்று அங்கே ஒரு சாச்சியிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லையாம், ஈரப் பாயை எடுத்து மதிலில் போட்டாராம். இதை நானாதான் எனக்குச் சொன்னார். இரண்டு நாள் என்பது கைக்குழந்தை உள்ள வீட்டில் சின்ன விஷயமில்லை. நல்லது செய்யப் போய் நாங்கள் செய்த தீங்கு அது. அதனால்தான் நாடாவைத் தூக்கிக்கொண்டு அந்த ஒழுங்கைக்குப் போனோம்.

அவசரமாகப் போக இன்னொரு காரணமும் இருந்தது. நோன்பு தொடங்க இரண்டு மூன்று நாட்களே இருந்தன. அதற்குள் வீட்டைக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும் என்று எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு பட்டால் கோடு போய்விடும். செய்மதிப் படம் பத்து வருடம் கழித்தும் களஞ்சியத்தில் இருக்கும். சுவர்க்கோடு ஒரு கிழமைகூட இருக்காது. வெள்ளம் வடிந்ததும் முதலில் ஓட வேண்டியது கணினிக்கு அல்ல, சுவருக்கு. இதை நான் எல்லாரிடமும் சொல்வதுண்டு.

அளக்கும்போது கற்றுக்கொண்டவை சில. கோட்டை வீட்டுக்குள் அளப்பது நல்லது. வெளிச்சுவரில் படகும் வண்டியும் கிளப்பிய அலை கோட்டை மேலே தள்ளிவிடும். வீட்டுத் தரை ஒழுங்கையிலிருந்து எத்தனை அங்குலம் உயர்ந்திருக்கிறது என்பதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தடுத்த இரண்டு வீட்டில் அளவு ஒத்துவராது. தகரக் கூரைகளுக்கு நடுவே போனின் ஜி.பி.எஸ். பத்துப் பதினைந்து மீற்றர் அலைபாயும். ஆகவே இடத்தை ஜி.பி.எஸ்.ஸால் குறிப்பதைவிட, அச்சடித்த பெரிய வீதிப்படத்தில் வீட்டுக்காரரே விரலால் தொட்டுக் காட்டட்டும். அதில் பிழை வந்ததே இல்லை.

இரண்டாவது படம்

சரி, கணினிப் பக்கம் என்ன திருத்தினோம்? முதலில், கறுப்பானதைப் போலவே, கட்டடங்கள் நெருங்கிய பகுதியில் திடீரென்று பிரகாசமானதையும் தனியாக எடுத்தோம். வீதிகள் சில வெளிப்பட்டன. பிறகு ஒத்திசைவு. செண்டினலின் இன்னொரு வகைக் கோப்பில், அலை எவ்வளவு திரும்பியது என்பதோடு எந்த நிலையில் திரும்பியது என்பதும் பதிவாகியிருக்கும். வீடுகள் அசைவதில்லை, ஆகவே 12 நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில் அந்த நிலை நன்றாக ஒத்துப்போகும். வீதியில் தண்ணீர் ஏறினால் ஒத்துப்போகாது. மழைக்கு முன் எடுத்த இரண்டு படங்களின் ஒத்திசைவை, மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டின் ஒத்திசைவோடு ஒப்பிட வேண்டும். எங்கே திடீரென்று விழுந்திருக்கிறதோ அங்கே சந்தேகப்படலாம். கொலன்னாவை நகரப் பக்கம் இது உதவியது. தென்னையும் பலாவும் வீட்டோடு வீடாக நிற்கிற வளவுகளில் உதவவில்லை. காற்றில் இலை அசைந்தாலே ஒத்திசைவு போய்விடும், அங்கே எப்போதும் குறைவுதான்.

இப்போது இந்த வேலைக்கு ஆயத்தச் செய்முறைகள் வந்துவிட்டன. அனர்த்தங்களுக்குச் செய்மதித் தரவைப் பயன்படுத்த உதவும் ஐ.நா. அமைப்பான யூ.என்.-ஸ்பைடர், செய்மதிப் படங்களை இணையத்திலேயே கணக்கிடும் கூகுள் எர்த் எஞ்சினில் ஒன்று வைத்திருக்கிறது. பிந்தைய படத்தை முந்தையதால் வகுத்து, 1.25-க்கு மேல் வந்தால் வெள்ளம் என்கிறது (மதிப்புகள் டெசிபெலில், எதிர்மறை எண்களாக இருப்பதால், கறுப்பாகக் கறுப்பாக விகிதம் கூடும்). வருடத்தில் 10 மாதத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும் இடங்களையும், 5 சதவீதத்துக்கு மேல் சரிவுள்ள இடங்களையும், எட்டுப் பிக்சலுக்குக் குறைவான துண்டுகளையும் கழிக்கிறது. நல்ல செய்முறை, தொடங்குகிறவர்களுக்கு நான் அதைத்தான் காட்டுகிறேன். ஆனால் கொலன்னாவையில் அந்த எட்டுப் பிக்சல் கழிவை அப்படியே வைத்தால், பிக்சலுக்கு நாலு பேர்ச்சஸ் வீதம் 32 பேர்ச்சஸுக்குக் குறைவான துண்டெல்லாம் அழிந்துபோகும். அந்த அளவு ஒரு முழு ஒழுங்கை. அந்த எண்ணைக் குறைத்து, வருகிற இரைச்சலைக் கண்ணால் பார்த்து நீக்குவதுதான் இங்கே சரி என்பது என் கருத்து. 1.25-உம் எல்லா இடத்துக்கும் பொருந்தும் எண் அல்ல. ஒவ்வொரு இடத்திலும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

எல்லாம் செய்த பிறகும் வெள்ளை மிச்சம் இருந்தது. அப்போதுதான் மூன்றாவது நிறம் என்ற முடிவுக்கு வந்தோம். நீலம்: தண்ணீர் தெரிகிறது. வெள்ளை: திறந்த நிலம், தண்ணீர் தெரியவில்லை. சாய்கோடு போட்ட சாம்பல்: ரேடாரால் பார்க்க முடியாத இடம், நேரில் கேட்கவும். கட்டட அடர்த்தியை ஓப்பன் ஸ்ட்ரீட் மெப் என்ற இலவச வரைபடத்திலிருந்து எடுத்து, நெருங்கிக் கட்டிய பகுதிகளையும் மரம் மூடிய வளவுகளையும் ஆகாயத்தாமரை வாய்க்கால்களையும் சாம்பலாக்கினோம். படத்தின் அழகு போய்விட்டது, கொலன்னாவையில் பெரும்பகுதி சாம்பல். நண்பன் ஒருவன், “இவ்வளவையும் தெரியாதென்று போட்டால் யார் மச்சான் இதை நம்புவார்கள்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் சாம்பல் நிறம் உள்ள இடத்தில் கிராம சேவகரிடமும் பள்ளிவாசலிலும் கோவிலிலும் கேட்க வேண்டும் என்பது படத்தைப் பார்த்ததுமே தெரிகிறது. வெள்ளை இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு களனி மறுபடி கரைமீறியபோது, நண்பர்கள் சிலர் செய்த படங்களில் நான் முதலில் தேடிப் பார்த்தது அந்தச் சாம்பலைத்தான். சிலவற்றில் இருந்தது.

நோன்பு தொடங்கிய பிறகு இரண்டாவது படத்தின் பெரிய அச்சொன்றைக் கொண்டுபோய் நானாவிடம் கொடுத்தேன். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார், பக்கத்தில் ஒரு பேனையை நூலில் கட்டித் தொங்கவிட்டார். அடுத்த கிழமை போய்ப் பார்த்தேன். சாம்பல் பகுதி முழுக்கப் பேனைக் குறிகள். “இடுப்பளவு”, “ஜன்னல் மட்டம்”, “4 நாள்”, “பின்வழியா வந்தது”. சிலது தமிழில், சிலது சிங்களத்தில். இரண்டு இடத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் வெட்டித் திருத்தியிருந்தார். சாச்சியின் வீட்டு இடத்தில் ஒரு சின்னச் சதுரமும் “5 அடி” என்ற எழுத்தும் இருந்தன. அச்சைக் கழற்றிச் சுருட்டி, கிராண்ட்பாஸ் வழியாக பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்து, அன்றிரவே ஒவ்வொரு குறியையும் படத்தில் ஏற்றத் தொடங்கினோம்.